வெளிக்கேமரா உள்ளே போன வரலாறு

வீட்டுக்குப் பாதுகாப்புக் கேமரா வாங்கியவர்கள் உலகில் கோடிப் பேர் இருக்கலாம். ஆனால் கேமராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று மனித குலத்துக்கே வழிகாட்டியவர் ஒருவர்தான். அவர் சங்கரன்கோவிலில், திருவேங்கடம் ரோட்டை ஒட்டிய புது நகரில் குடியிருக்கிறார். பெயர் செல்லச்சாமி. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம் அவரை விட்டுவிட்டது. கண்காணிப்பை அவர் விடவில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கீழே மிஞ்சிய ஊழியர்கள் இரண்டு பேர். மனைவி பார்வதியம்மாள், மருமகள் இசக்கிசெல்வி. இதில் பார்வதியம்மாள் மூட்டுவலியின் பேரில் சோபாவில் 'நீண்ட கால மருத்துவ விடுப்பில்' இருந்தாள். மகன் கணேசன் மஸ்கட்டில் வேலை பார்த்தபடி, தினமும் வீடியோ காலில் ஆய்வு மட்டும் நடத்தினான். ஆக, அலுவலகம் முழுவதும் ஒரே ஊழியரை வைத்து நடந்தது. இப்படிச் சிக்கனமான நிர்வாகத்தை எந்த அரசும் இதுவரை சாதித்ததில்லை.

அந்த ஒரே ஊழியர்தான் ஒரு நாள் காலை காபியை வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"மாமா, ராஜபாளையம் ரோட்டு ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ணுத எடத்துல வேலை கெடச்சிருக்கு. நான் படிச்ச படிப்புக்குச் சரியான வேலை. தபசுத் திருவிழா முடிஞ்ச மறுநாள் வந்து சேரச் சொல்லுதாங்க."

செல்லச்சாமி காபியை ஆற்றினார். அவர் பெருந்தன்மைக்காரர். பணிக்காலம் முழுவதும் எந்த மனுவையும் அவர் 'முடியாது' என்று தள்ளியது கிடையாது. 'பாக்கலாம்' என்றுதான் சொல்வார். அவர் பார்க்கலாம் என்ற மனுக்கள் அவர் ஓய்வு பெற்ற பிறகும் மேசை இழுப்பறையில் பார்க்கப்படாமல் கிடந்தன.

"பாக்கலாம்" என்றார்.

"அன்னைக்கு வரலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்க மாமா."

"வீட்டுல சும்மாதான இருக்கே. அதுக்குள்ள என்னட்டி அவசரம்?" என்றாள் பார்வதியம்மாள் சோபாவிலிருந்து.

"சும்மா இருக்கதாலதான் அத்தை, போறேங்கேன்."

இந்தப் பதிலில் ஏதோ ஒழுங்கீனம் இருப்பதாகச் செல்லச்சாமிக்குப் பட்டது. எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆதாரம் இல்லாமல் முடிவெடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மருமகள் சும்மா இருக்கிறாளா, எவ்வளவு சும்மா இருக்கிறாள் என்பதற்கு எந்தப் பதிவும் வீட்டில் இல்லை.

அந்த வாரத்தில்தான் எதிர்வீட்டு ஆவுடையப்பனின் தண்ணீர் மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போனான். தபசுக்கு வெளியூர்க் கூட்டம் வேறு வரப்போகிறது. செல்லச்சாமியின் மூளையில் இரண்டு பிரச்சினைகளும் சேர்ந்து ஒரே தீர்வாக உதித்தன. கேமரா. வெளியே வைத்தால் திருடன் சிக்குவான். உள்ளே வைத்தால் 'சும்மா' சிக்கும்.

உடனே ஒரு 'கேமரா தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் செல்லச்சாமி. உறுப்பினர் பார்வதியம்மாள். வெளிநாட்டு உறுப்பினர் கணேசன். திருட்டுக் கொடுத்த அனுபவம் உள்ளவர் என்பதால் ஆவுடையப்பன் சிறப்பு அழைப்பாளர். இசக்கிசெல்விக்குக் குழுவில் இடமில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. காபி, வடை ஆகிய துறைகள் அவளிடம்தான் இருந்தன.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கேமராக் கடை வைத்திருந்தவர் நியாஸ் அகமது. கடையநல்லூர்க்காரர், பொறுமைசாலி. குழுவின் தலைவரையும் சிறப்பு அழைப்பாளரையும் உட்கார வைத்து, இரண்டு கேமராக்களை மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இது வெளிய வைக்கது. மழை, வெயில், தூசி எல்லாம் தாங்கும். இருட்டுலயும் தெளிவாத் தெரியும். தலையைச் சுத்திச் சுத்திப் பாக்கும். இதுலயே நாம பேசலாம். தினமும் பாக்குத மூஞ்சிய ஒரு வாரத்துல மனப்பாடம் பண்ணிக்கிடும். தெரியாத மூஞ்சி வந்தா லைட் அடிச்சு சைரன் போடும், போனுக்குத் தகவல் வரும். வீட்டாளு யாரு, திருடன் யாருன்னு பிரிச்சுச் சொல்லிரும்."

"இது?"

"இது உள்ள வைக்கது. சின்னது. வெல கம்மி. சும்மா படம் மட்டும் காட்டும். ஒரு தூறல் பட்டாலும் போயிரும். வெளிய வைக்கத வெளிய வைங்க, உள்ள வைக்கத உள்ள வைங்க. அவ்வளவுதான் விஷயம்."

உலகம் முழுவதும் இதை அப்படியே நம்பி வாங்கிக்கொண்டிருக்கிறது. செல்லச்சாமி நம்பவில்லை. எதையும் மறுபரிசீலனை செய்கிறவர்.

"வே, நம்ம ஊர்ல மழை எங்கன பெய்யுது?"

நியாஸ் அகமது வெளியே வானத்தைப் பார்த்தார். ஆடி மாதத்து வானம். காற்றுதான் இருந்தது.

"எப்பவாச்சும் பெய்யும் அண்ணாச்சி."

"எப்பவாச்சும். ஆனா அடுக்களையில தினமும் ஆவி. தினமும் புகை. தாளிப்பு, எண்ணெய், வெக்கை. அப்போ தாங்குத கேமரா எங்கன வேணும்?"

நியாஸ் அகமது இரண்டு கேமராக்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஆவுடையப்பன் மட்டும் மெதுவாக, "அண்ணாச்சி, திருடன் வெளியேருந்துல்லா வருவான்?" என்றார்.

"திருடன் வருஷத்துக்கு ஒருக்க வருவான் வே. மருமக தினமும் இருக்கா."

"அதுக்கில்ல அண்ணாச்சி" என்றார் நியாஸ் அகமது. "அடுக்களையில திருட என்ன இருக்கு?"

"நேரம்" என்றார் செல்லச்சாமி.

கடையில் அத்தனை கேமராக்கள் சுற்றி இருந்தும் அந்த வரலாற்றுத் தருணத்தைப் பதிவு செய்ய ஒன்றுக்கும் தோன்றவில்லை.

அப்படித்தான் வெளிக்கேமரா உள்ளே போனது, உள்கேமரா வெளியே போனது. மறுநாள் நியாஸ் அகமதுவே வந்து மாட்டினார். அடுப்புக்கு எதிரே, பரணுக்குக் கீழே பெரிய கேமரா. வாசல் கேட் தூணில் கோழிமுட்டை அளவுக்குச் சின்னக் கேமரா, மழை பெய்தால் நனையாமல் இருக்கத் தலையில் ஒரு பாலித்தீன் பை.

"வீட்டாளுங்க எல்லாரும் ஒருக்க அடுக்களைக்கு வந்து இது முன்னால நில்லுங்க. மூஞ்சியப் பதிஞ்சு வச்சுக்கிடட்டும்" என்றார் நியாஸ் அகமது.

"நாங்க எதுக்குவே அடுக்களையில நிக்கணும்?" என்றார் செல்லச்சாமி. நியாயமான கேள்வி. நியாஸ் அகமது ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் பார்வதியம்மாளுக்கு ஒரு கவலை வந்தது. "இவ்வளவு வெல கொடுத்து வாங்கியிருக்கோம். தெருவுல போறவன் வாரவன் எல்லாம் கேட்டுக் கேமராவத்தான் பாத்துட்டுப் போறான். கண்ணு பட்டுராது?"

கேமராவுக்குத் திருஷ்டி விழாமல் இருக்க, அதற்கு நேர் முன்னால் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் கட்டப்பட்டது. கோரைப்பல்லும் உருட்டு விழியும் வரைந்த நல்ல பெரிய காய். பக்கத்தில் கறுப்புக் கயிற்றில் படிகாரம். அன்று முதல் வாசல் கேமரா பூசணிக்காயின் பிடரியை இமைக்காமல் காவல் காத்தது.

மறுநாள் கணேசன் மஸ்கட்டிலிருந்து பதறிக்கொண்டு கூப்பிட்டான். "அப்பா, கேட்டுல ஒரு மொட்டத்தலையன் நிக்கான். நேத்துலேருந்து அசையவே மாட்டேங்கான்."

"அது பூசணிக்காய்லே."

"எதுக்குப்பா?"

"பாதுகாப்புக்குலே."

அடுக்களைக் கேமராவோ கடமையில் கண்ணாக இருந்தது. இசக்கிசெல்வி இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம் திரும்பியது. அவள் குனிந்தால் அதுவும் குனிந்தது. செல்லச்சாமி சோபாவில் சாய்ந்துகொண்டு போனில் பார்த்தார். ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரம்தான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"ஏட்டி செல்வி, கடுகு கருகுது" என்று பரணுக்குக் கீழேயிருந்து அவர் குரல் வந்தது. இசக்கிசெல்வி கரண்டியைக் கீழே போட்டாள். அவள் நிமிர்வதற்குள் மஸ்கட்டிலிருந்தும் ஒரு குரல் வந்தது. "தோசைய முறுகலாப் போடு. அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும்."

அவள் கேமராவை அண்ணாந்து பார்த்தாள். கேமராவும் அவளைப் பார்த்தது. அந்த வீட்டில் அவள் முகத்தை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தது அது ஒன்றுதான்.

ஒரு வாரம் கழித்து, தபசுக்கு முந்தின நாள், குழு இரண்டாவது முறையாகக் கூடியது. பதிவான படங்களில் 'சும்மா' தேடப்பட்டது. செல்லச்சாமி மெதுவாக ஓட்டிப் பார்த்தார். வேகமாக ஓட்டிப் பார்த்தார். எப்படி ஓட்டினாலும் ஒரு பெண் அரைத்தாள், கழுவினாள், துடைத்தாள், ஊற்றினாள். ஒரே ஒரு மத்தியானத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"இந்தா, உக்காந்துட்டா" என்றாள் பார்வதியம்மாள். குழுவே போனுக்குள் குனிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். மடியில் சின்ன வெங்காயம். உரித்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "அண்ணாச்சி, அப்போ அந்தப் பிள்ளை சும்மா இல்லன்னு ஆகுதுல்லா?"

"அதத்தான் வே நானும் சொல்லுதேன். வீட்டுல இவ்வளவு வேலை கெடக்கு. இவள எப்படி வெளி வேலைக்கு விட முடியும்? ஆதாரம் இருக்கு."

காபி கொண்டுவந்த இசக்கிசெல்வி தட்டோடு நின்றாள். "அப்போ நான் சும்மா இருந்திருந்தா விட்டிருப்பியளா மாமா?"

"சும்மா இருக்கவள நம்பி எந்த ஆஸ்பத்திரியிலம்மா ரத்தம் எடுக்க விடுவான்?"

இவ்வளவு முழுமையான தீர்ப்பைச் சங்கரன்கோவில் அதுவரை கேட்டதில்லை. எந்தப் பக்கம் போனாலும் கதவு சாத்தியிருந்தது. இசக்கிசெல்வி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"சரி மாமா" என்றாள். 'ஒருமனதாக நிறைவேறியது' என்று செல்லச்சாமி மனதுக்குள் முடித்துக்கொண்டார்.

தபசு நல்லபடியாக முடிந்தது. மறுநாள் விடிந்து வெகுநேரமாகியும் காபி வரவில்லை. செல்லச்சாமி சோபாவில் உட்கார்ந்து போனைத் திறந்தார். அடுக்களை பளிச்சென்று இருந்தது. பாத்திரங்கள் கவிழ்த்து வைத்திருந்தன. அடுப்பு துடைத்திருந்தது. எதுவும் அசையவில்லை. அவர் நியாஸ் அகமதுவைக் கூப்பிட்டார்.

"வே, உம்ம கேமரா நின்னு போச்சு. படம் அசைய மாட்டேங்கு."

நியாஸ் அகமது தன் கடையிலிருந்தே ஏதோ பார்த்துவிட்டுச் சொன்னார். "நல்லா ஓடுது அண்ணாச்சி. சுவத்துக் கடியாரத்துல முள்ளு சுத்துது பாருங்க. ஆளுதான் இல்ல."

செல்லச்சாமி பதிவைப் பின்னால் ஓட்டினார். இருட்டு விலகாத நேரத்தில், இருட்டிலும் தெளிவாகத் தெரியும் அந்தக் கேமராவில், இசக்கிசெல்வி வந்து நின்றாள். தேய்த்த சேலை. தோளில் பை. அண்ணாந்து பார்த்து நிதானமாகப் பேசினாள்.

"மாமா, வேலைக்குப் போறேன். சாயந்திரம் வந்துருவேன். பால் பிரிட்ஜுல இருக்கு. காபித்தூள் மேல் தட்டுல, செவப்பு மூடி டப்பா. சீனி பக்கத்துலயே இருக்கு."

முறைப்படி, உரிய வழியாகத் தகவல் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் செல்லச்சாமி தவித்தார். வாசல் கேமராவைப் பார்த்தார். பூசணிக்காயின் பிடரி. விடியற்காலையில் அது ஒரு தடவை லேசாக ஆடியிருந்தது. அவ்வளவுதான் சாட்சி.

"அதெல்லாம் இருக்கட்டும். காபி யாரு போடுவா?" என்றாள் பார்வதியம்மாள்.

நெருக்கடி நேரத்தில்தான் தலைமை தெரியும். செல்லச்சாமி எழுந்தார். அடுக்களையின் 'கூடுதல் பொறுப்பை' தாமே ஏற்பதாக அறிவித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று அந்த வாசல்படியைத் தாண்டியவர், அதற்குப் பிறகு இப்போதுதான் தாண்டினார். மேல் தட்டில் கைவிட்டுச் சிவப்பு மூடி டப்பாவை எடுத்தார்.

கேமரா மெல்லத் தலையைத் திருப்பியது. அவர் முகத்தில் பளீரென்று வெளிச்சம் அடித்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு சைரன் அலறியது. "அடையாளம் தெரியாத நபர். உடனே வெளியேறவும்" என்று சுத்தமான தமிழில் ஒரு பெண்குரல் சொன்னது.

"என்னங்க ஆச்சு?" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு பார்வதியம்மாள் வந்தாள். கேமரா அவளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டாவது நபருக்கும் சேர்த்து அலறியது. தெரு கூடிவிட்டது. ஆவுடையப்பன் கையில் கம்போடு ஓடிவந்து, "மாட்டிக்கிட்டானா?" என்று வாசலில் நின்றார்.

செல்லச்சாமியின் போன் அடித்தது. மஸ்கட்.

"அப்பா, எங்க இருக்கிய? அடுக்களையில ஒருத்தன் டப்பாவோட நிக்கான். வெளிச்சத்துல மூஞ்சி வெளுத்துப்போயி வழுக்கத்தல மட்டும்தான் தெரியுது. கூட ஒரு பொம்பளையும் நிக்கா. போனுக்குப் போட்டோ வந்திருக்கு, கீழ திருடன்னு போட்டிருக்கு."

செல்லச்சாமி கேமராவை அண்ணாந்து பார்த்தார்.

"அங்கன திருட என்னப்பா இருக்கு?" என்றான் கணேசன்.

அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்தவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். கடையில் பளிச்சென்று சொல்லவும் செய்திருந்தார். இப்போது மட்டும் ஏனோ அந்த வார்த்தை வாயில் வரவில்லை. டப்பாவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நல்ல விலை கொடுத்து, நன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கேமரா, தான் பிடித்த திருடன் முகத்திலிருந்து வெளிச்சத்தை எடுக்கவே இல்லை.