பதினேழாவது எபியும் பருப்புத் தண்ணியும்

இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பெண்ணைப் போல ஆபத்தான பிறவி வேறு கிடையாது. நான் மூன்று வருடம் அப்படி இருந்தேன். டிவி சீரியலில் யாராவது அழுதால் "இது மிகையுணர்ச்சி" என்று அறிவிப்பேன். (யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அறிவிப்பேன்.) என் கணவர் பிரபு அந்த மூன்று வருடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. பாவம், இடைவேளையிலேயே நான் விமர்சனத்தை முடித்திருப்பேன்.

அப்போதுதான் திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு மகளிர் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. அதற்கு முன் ஆறு கல்லூரிகள் "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லி, சொல்லாமலே இருந்துவிட்டன. "இதுவும் இல்லைன்னா இனிமே அப்ளிகேஷனே போடமாட்டேன்" என்று பிரபுவிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டி வந்துவிட்டால் என்ன செய்வது?

மாணவிகள் முன்னால் இருபது நிமிடம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: 'கதையின் கூறுகள், வகைகள், பயன்கள்: வெகுஜனக் கதைகளை முன்வைத்து'. கூறுகளும் வகைகளும் பயன்களும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வெகுஜனக் கதைதான் இடித்தது. அதைப் படிப்பதே பாவம் என்று நினைத்திருந்த காலம் அது. எடுத்துக்காட்டுக்கு எங்கே போவது?

எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே அது இருந்தது. என் மாமியார் வசந்தா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், போனில் ஒரு கதைச் செயலியில் தொடர்கதை படிப்பார். தொண்ணூறு அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்த கதை. கோபக்கார தொழிலதிபர் நாயகன், அவனிடம் மாட்டிக்கொண்ட அப்பாவி நாயகி, இரண்டு பேருக்கும் நடுவில் வாய்பேசாத ஒரு மாமியார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எபி என்று பெயர். ஒரு நாள் எபி வரவில்லையென்றால் அத்தைக்குக் காபி இறங்காது.

"அத்தை, உங்க கதையிலேருந்து ஒரு எபி எடுத்துக்கட்டுமா? கிளாஸ்ல காட்டணும்" என்று கேட்டேன்.

அத்தையின் முகம் மலர்ந்தது. "என் கதையா? காலேஜ்லயா?" என்று போனைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார். "பதினேழாவது எபி எடுத்துக்க. கல்யாணத்தை நிறுத்துற இடம். பொண்ணுங்க அசந்துருவாங்க." அதோடு விடவில்லை. தன்னுடைய நீலப் பட்டுப் புடவையை எடுத்து, எனக்காக அவரே இஸ்திரி போட உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கதை எப்படி இருக்கக்கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டாகத்தான் அதைக் காட்டப்போகிறேன் என்று நான் சொல்லவில்லை. பதினேழாவது எபியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டு, தேய்ந்துபோன வர்ணனை வந்த இடமெல்லாம் சிவப்பு வட்டம் போட்டேன். முப்பத்தோரு வட்டம் வந்தது. கடைசிப் படத்தில் 'தொடரும்' என்பதற்குக் கீழே வாசகர்களின் கமெண்டுகளும் சேர்ந்து விழுந்திருந்தன. அவற்றை நான் படிக்கவே இல்லை. 'சூப்பர் எபி சிஸ்' என்பதைத் தவிர அங்கே வேறென்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

வகுப்பறையில் முதல் பெஞ்சில் கல்லூரி முதல்வர் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெளியிலிருந்து வரவழைத்த ஒரு பேராசிரியர், வெள்ளை அரைக்கைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. பின்னால் இருபத்திரண்டு மாணவிகள். கையில் எடுத்ததுமே ஸ்மார்ட் போர்டின் பேனா தானாகவே இரண்டு கோடு போட்டது. எப்படியோ கதைக்கரு, பாத்திரம், களம், மோதல் என்று ஆரம்பித்து, வகைகளைக் கடந்து, இலக்கியத்தின் எட்டுப் பயன்களையும் ஒப்பித்து முடித்தேன். சிஸ்டர் தலையாட்டினார். எனக்குத் தெம்பு வந்தது. தெம்பு வந்தால் நான் என்ன ஆவேன் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

பதினேழாவது எபியைப் போர்டில் போட்டு வட்டம் வட்டமாகக் கிழித்துத் தொங்கவிட்டேன். மாணவிகள் சிரித்தார்கள். அது போதாதா? கடைசிப் படத்துக்கு வந்ததும், எழுதி வைக்காத ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

"இதையெல்லாம் யாரு படிக்கிறாங்க? எந்த யோசனையும் இல்லாம படிக்கிறவங்கதான். கீழே கமெண்டைப் பாருங்க. யாராவது ஒருத்தர் சத்தமாப் படிங்க."

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சர்ச்சில் வாசகம் வாசித்துப் பழகிய குரல் போலிருக்கிறது, கணீரென்று இருந்தது.

"சூப்பர் எபி சிஸ். அடுத்த எபி சீக்கிரம் போடுங்க சிஸ்." வகுப்பு சிரித்தது. நான் 'பார்த்தீர்களா' என்று கையை விரித்தேன். அவள் மூன்றாவதைத் தொடங்கினாள்.

"வசந்தா, ஸ்ரீரங்கம். இந்தக் கதையில வர்ற மாமியார் என்னை மாதிரியே. எங்க வீட்டுலயும் ஒரு மருமக. இலக்கியத்துல டாக்டர் பட்டம். புளி கரைக்கிறப்பவும் ஒரு கையில புஸ்தகம். ரசம் ஒரு நாள் பருப்புத் தண்ணி, ஒரு நாள் புளித் தண்ணி. நான் ஒண்ணும் சொல்றதில்ல. சொன்னா அதுக்கும் ஒரு கோட்பாடு வச்சிருப்பா..."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்த வேலை இன்றைக்கு என்னுடையது. யார் அந்த வசந்தா என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"பருப்புத் தண்ணி ஒரே ஒரு நாள்தாங்க! அன்னைக்குக் கேஸ் தீர்ந்துபோச்சு!"

பேராசிரியர் கண்ணாடியை மெதுவாக மேலே ஏற்றினார். "நீங்க எங்கேருந்து வர்றீங்கம்மா?"

"ஸ்ரீரங்கம் சார்."

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து இரண்டு பேர் எட்டிப்பார்த்தார்கள். படித்துக்கொண்டிருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. "மேடம், இன்னும் முடியல. 'ஆனா ஒண்ணு'ன்னு போட்டு, அதுக்கப்புறம் 'மேலும்'னு நிக்குது. அதைத் தட்டுங்க மேடம்."

ஸ்கிரீன்ஷாட்டைத் தட்டினால் என்ன வரும்? எனக்குப் பொறுக்கவில்லை. தட்டினேன். பேனா வேலை செய்து 'மேலும்' மீது ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. இன்னொரு முறை தட்டினேன். இன்னொரு புள்ளி. இருபத்திரண்டு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு, "ஆனா ஒண்ணு என்ன மேடம்?" என்றார்கள். சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எட்டுப் பயன் சொன்னீங்கள்ல? இந்த வசந்தா அம்மா எதுக்காகப் படிக்கிறாங்க? எட்டுல எது?"

ஒன்றிலிருந்து எட்டு வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதிலும் அத்தையை உட்கார வைக்க முடியவில்லை. "தெரியல சார்" என்றேன். சிஸ்டர் மிகவும் அன்பாக, "சொல்லி அனுப்புறோம்மா" என்றார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி உட்கார்ந்தபோது வேலை போனதைப் பற்றி நான் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. 'ஆனா ஒண்ணு' என்னவாக இருக்கும்? சாம்பாரா? வீட்டை விட்டுப் போகச் சொல்வாரா? போனில் அந்தச் செயலியை இறக்கினேன். 'உங்களுக்குப் பிடித்த கதை வகை எது?' என்று கேட்டது. காதல், குடும்பம், மர்மம், திகில். கதை வகைகளைப் பற்றி அறுபது பக்கம் எழுதிப் பட்டம் வாங்கிய நான், பஸ் காவிரிப் பாலம் ஏறி இறங்கும் வரை எதைத் தொடுவது என்று தெரியாமல் விழித்தேன். குடும்பத்தைத் தொட்டேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, மாம்பழச் சாலை நிறுத்தத்தில் பேட்டரி தீர்ந்து போன் அணைந்தது.

வீட்டில் அத்தை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரில் அவருடைய போன் 'டிங் டிங்' என்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"என் கமெண்டுக்குக் கீழே இருபத்திரண்டு பேரு பதில் போட்டிருக்காங்க" என்றார் என்னைப் பார்க்காமல். "எல்லாம் உன் காலேஜ் பொண்ணுங்களாம். ஆன்ட்டி, அன்னைக்குக் கேஸ் தீர்ந்துபோச்சாம்னு எழுதியிருக்கு ஒண்ணு."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். உடம்பில் அவருடைய நீலப் புடவை.

"நீ படிச்சியா?"

"பாதி படிச்சேன் அத்தை."

"எந்தப் பாதி?"

"ரசம் வர்ற பாதி."

அத்தை கூசிப்போனார். பிறகுதான் அவருக்கு வேறொன்று உறைத்தது. "கதையைக் காட்டுறேன்னுதானே வாங்கிட்டுப் போன? கமெண்டை எதுக்குப் படிக்கச் சொன்ன?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை. "கேலி பண்றதுக்கு அத்தை. கதையையும், அதைப் படிக்கிறவங்களையும்."

அத்தை என் மேல் இருந்த தன் புடவையைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இஸ்திரி போட்ட மடிப்பு அப்படியே தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தோரு வட்டம் போட்டவளுக்கு, அந்த எபியை எழுதியவரின் பெயர்கூடத் தெரியாது.

கடைசியில் போனை என் பக்கம் தள்ளினார். 'மேலும்' என்பதைத் தட்டினேன்.

"ஆனா ஒண்ணு. இவ்வளவு படிச்சிட்டு அவ அடுப்படியில நிக்கிறது எனக்குப் பொறுக்கல. அதை அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னும் தெரியல. ஒரு காலேஜ்ல வேலை கிடைக்கணும்னு ரெங்கநாதரை தினமும் வேண்டிக்கிறேன். அவளுக்கும் நிம்மதி. ரசத்துக்கும் நிம்மதி."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கை அடைத்தது. அத்தை ஒரு டம்ளர் தண்ணீர் தந்தார்.

"வேலை என்ன ஆச்சு?"

"கிடைக்காது அத்தை."

அப்போது அவர் முகம் விழுந்ததே, அது எனக்காகவா ரசத்துக்காகவா என்று இன்று வரை நான் கேட்கவில்லை. "சரி, முதல் எபியிலேருந்து படி. பதினேழுல நுழைஞ்சா உனக்கு என்ன தெரியும்?" என்று மட்டும் சொன்னார். அதுதான் தண்டனை. (ஐம்பத்திரண்டாவது எபியில் நாயகிக்காக அழுதேன். வட்டம் எதுவும் போடவில்லை.) அப்ளிகேஷன் போடமாட்டேன் என்ற என் வீறாப்பையும் அத்தை ஒரே வாரத்தில் உடைத்தார். எட்டாவது கல்லூரியில் வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் பாடம் நடத்துகிறேன். வெகுஜனக் கதை வரும்போது எட்டுப் பயனைச் சொல்லி, ஒன்பதாவதற்கு இடம் விட்டுவிடுவேன்.

அடுப்படி அத்தையிடமே திரும்பிப் போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் குறையைப் பாதியில் நிறுத்த முடியாது. யாராவது "நான் ஒண்ணும் சொல்றதில்ல" என்று ஆரம்பித்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் ஒற்றை விரலால் அவர் தோளைத் தட்டுவார். தட்டினால் மிச்சத்தைச் சொல்லியே ஆக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு நான் சும்மா இருந்தேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். விரலை நீட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி என்னிடம் வந்தார்.