கரடிக்குள் ஒரு பல் டாக்டர்

"விடும்மா செல்லம்! கரடி மாமா பாவம், அவருக்கு வேலை இருக்கு."

சுண்டெலி விடவில்லை. பொழுதுபோக்குப் பூங்காவின் நட்டநடுவில், கரடி வேஷம் போட்டிருந்தவரின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என் கடடி!" என்று பட்டா எழுதி வாங்கியவள் போல முழங்கினாள். வயது இரண்டு. நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். ஆனால் வீட்டில் எல்லாருக்கும் அவள் சுண்டெலிதான்.

அவளுடைய அப்பா பல் டாக்டர். எத்தனையோ பேருடைய கடைவாய்ப் பல்லை அசைத்து அசைத்தே பிடுங்கியவர், கரடியின் காலிலிருந்து சொந்த மகளைப் பிடுங்க முடியாமல் வியர்த்துக்கொட்டி நின்றார்.

அவருடைய மானமே அன்றைக்கு இதில்தான் தொங்கியது. மனைவிக்கு வெளியூரில் மூன்று மாதப் பயிற்சி. முடித்துவிட்டு வந்தால் பதவி உயர்வு. வருஷக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு. "குழந்தையை யாருங்க பாத்துக்கறது?" என்று அவள் தயங்கியபோது, "நான் எதுக்கு இருக்கேன்?" என்று மார்தட்டிவிட்டார்.

"அப்படியா? இன்னிக்கு ஒரு நாள் அவளைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போய்த் தனியா சமாளிச்சுக் காட்டுங்க. சாயந்திரம் நான் அங்க வருவேன். அவ அழுத முகத்தோட நின்னா, நான் போகலைன்னு ஆபீஸ்ல சொல்லிடுவேன்."

அவள் போகவேண்டும் என்று டாக்டருக்கு உண்மையாகவே ஆசை. அவளைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

பாப்கார்ன் வாங்கிக் காட்டிப் பார்த்தார். சுண்டெலி கரடியைக் குனியச் சொல்லி, அதன் வாய்க்குள் பாப்கார்னைப் பிடிபிடியாகத் திணித்தாள். உள்ளே இருந்தவர் தும்மினார். தும்முகிற கரடியை அவளுக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. இப்போது இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

கரடி டாக்டரின் காதோரம் குனிந்தது. "சார், ஒரு டீ குடிச்சா தேவலை. குழந்தைக்கு வேண்டியது கரடிதானே? கொஞ்ச நேரம் நீங்க மாட்டிக்கங்களேன். இதோ வந்துடறேன்."

வெயிலில் மூளையும் உருகியிருக்க வேண்டும். டாக்டர் தலையாட்டிவிட்டார்.

பக்கத்தில் பலூன் விற்ற அம்மா சுண்டெலியிடம் ஒரு பெரிய பலூனை நீட்டினாள். அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கால் விடுபட்டதும் ஆண்கள் இருவரும் மரத்துக்குப் பின்னால் ஓடினார்கள். அந்தச் சமயம் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போயிருக்கலாம். அது டாக்டருக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

கரடிக்காரர் உடுப்பைக் கழற்றி டாக்டருக்கு மாட்டி, முதுகு ஜிப்பை இழுத்து மூடினார். ஆள் அப்புறம் இருந்த இடம் தெரியவில்லை.

டாக்டர் கரடியாகத் திரும்பி வந்தார். சுண்டெலி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பிறகு சுற்றும்முற்றும் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அப்பா எங்க?"

"நான்தாண்டா கண்ணு அப்பா!"

கரடியின் வாய்க்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்ததும் சுண்டெலி வெலவெலத்துப்போனாள். பூங்கா அதிரக் கத்தினாள்:

"கடடி அப்பாவ சாப்ட்டுச்சு!"

அவ்வளவுதான். ராட்டினத்துக்கு நின்றிருந்த பொடிசுகள் எல்லாம் சேர்ந்து ஒப்பாரி வைத்தன. ஒரு பெரிய மனுஷி, ஐந்து வயதிருக்கும், "அவங்க அப்பாவைத் துப்பு!" என்று கரடியின் முழங்காலில் எட்டி உதைத்தாள். டாக்டர் தலையைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. ஜிப்பைத் தேடினார், கரடிக் கை முதுகுக்கு எட்டவில்லை.

"அம்மா, கொஞ்சம் ஜிப்பை..." என்று பலூன்கார அம்மாவிடம் கெஞ்சினார்.

"எல்லாப் பிள்ளைங்களும் பாக்குதே! இப்ப தலையைக் கழட்டினா இன்னும் பயந்துடும். சும்மா இருங்க."

அய்யோ, எல்லாம் போச்சு என்று நினைத்தார் டாக்டர். அப்படியே தரையில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், தினமும் பல் தேய்த்துவிடும்போது சொல்வதையே சொன்னார்.

"சுண்டெலி, ஆ... காட்டு. பூச்சி இருக்கா பாப்போம். ஈ... காட்டு!"

அழுகை நின்றது. பழக்கதோஷத்தில் சுண்டெலி வாயைத் திறந்தாள். பிறகு, "நீ ஆ காட்டு!" என்று கரடியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே இரண்டு கண் தெரிந்தது.

"ஐ! அப்பா உள்ள இருக்கு!"

அவள் கைகொட்டிச் சிரித்ததும் மற்ற பொடிசுகள் நெருங்கி வந்தன. "எனக்கும் பாரு!" என்று உதைத்தவளே முதலில் வாயைத் திறந்தாள். பின்னாலேயே ஒரு வரிசை நின்றுவிட்டது. வீட்டில் பிரஷ்ஷைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைகள், கரடியிடம் பல்லைக் காட்டத் தள்ளுமுள்ளு செய்தன.

சாயந்திரம் மனைவி வந்தபோது, மடியில் சுண்டெலியை வைத்துக்கொண்டு ஒரு கரடி, "கடைவாயில கொஞ்சம் சொத்தை இருக்கு, அம்மாகிட்ட சொல்லு" என்று யாரோ ஒரு பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏங்க... நீங்களா?"

"ஜிப்பு! முதல்ல ஜிப்பை இழு!"

நனைந்த காக்காய் மாதிரி டாக்டர் வெளியே வந்தார். சுண்டெலியின் முகம் முழுக்கச் சிரிப்பு. மனைவி அவளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது.

"நான் போறேங்க. வரேன்னு இப்பவே ஆபீஸ்ல சொல்லிடறேன்."

டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. கரடி உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பூங்கா அலுவலகத்துக்குப் போனார். பாவம், அந்தக் கரடிக்காரர் பிழைப்பு கெட்டுவிடக்கூடாதே!

"மேடம், உங்க ஆள் டீ குடிக்கப் போனவர் இன்னும் வரலை. தங்கமான மனுஷன். இதுக்காக அவரை வேலையை விட்டு அனுப்பிடாதீங்க."

அந்த அம்மாள் உடுப்பை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"எங்க ஆளா? கரடிக்கு நாங்க ஆள் வெச்சதே இல்லையே சார்! காலையில முதல்ல வர்ற அப்பாகிட்ட குடுத்துடுவோம். சாயந்திரம் கடைசியா மாட்டின அப்பா கொண்டுவந்து குடுத்துட்டுப் போவார்."