கெட்டிமேளத்துக்குப் பதிலாக ஒரு சின்தசைசர்

நினைத்து நினைத்து வெட்கப்பட எல்லாருக்கும் நாலைந்து சம்பவங்கள் இருக்கும். எனக்கு ஒன்றுதான். அந்த ஒன்றே ஆயுளுக்கும் காணும்.

அப்போது நான் ஒரு இசைக்கலைஞன். (சிரிக்காதீர்கள், நானும் அதை நம்பித்தான் இருந்தேன்.) லண்டன் சித்தப்பா தான் பாவித்த சின்தசைசர் ஒன்றையும், எண்பதுகளின் ஆங்கில சின்த்-பொப் பாட்டுகள் நிறைந்த பென் டிரைவ் ஒன்றையும் அனுப்பிவைத்தார். ஒரு ஆள், ஒரு கீபோர்ட், உணர்ச்சியே இல்லாத முகம். அவ்வளவுதான் அந்த இசை. அங்கே இதைக் குழு என்று சொல்வதில்லையாம், புரொஜெக்ட் என்பார்களாம். நானும் எங்கள் ஊர் இரணைமடுவில் புரொஜெக்ட் தொடங்கிவிட்டேன் என்று சொல்லித் திரிந்தேன். எங்கள் பக்கம் புரொஜெக்ட் என்றால் தொண்டு நிறுவனங்கள் கொடுக்கும் கிணறும் கோழிக்குஞ்சும்தான். பக்கத்து வீட்டு அன்ரி தன் பெயரையும் பதியச் சொல்லி அடையாள அட்டைப் பிரதியோடு வந்து நின்றார்.

முதல் மேடை அக்காவின் கலியாணம். தாலி கட்டும் நேரம் தவில் வேண்டாம், என் இசைதான் ஒலிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அம்மா முடியவே முடியாது என்றார். இரங்கியது அக்காதான்.

"தம்பி ஆசைப்படுறான் அம்மா. ஒரு நிமிசம்தானே, விடுங்கோ."

மாப்பிள்ளையின் ஊர் துணுக்காய். அந்தச் சம்பந்தத்துக்கு அரைமனதோடு தலையாட்டியவர் அவருடைய பெரியம்மா. பொருத்தம் காணாது என்று கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரை மணவறைக்குப் பக்கத்தில், முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். அதற்கு நேரே நான் வாடகைக்கு எடுத்த புகை மெசினை வைத்திருந்தேன்.

கெட்டிமேளம் ஏன் கொட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை. தாலி ஏறும்போது தும்மல், அழுகை என்று அபசகுனமான எந்தச் சத்தமும் யார் காதிலும் விழக்கூடாது, அதற்குத்தான். ஆனால் என் இசையில் முதல் ஒரு நிமிடம் பழைய பிரிட்ஜ் உறுமுவதுபோல மெல்லிய இரைச்சல் மட்டும் வரும், பிறகுதான் தாளம். ஸ்டைல் அப்படி. தாலி கட்ட ஒரு நிமிடம் தேவையில்லை என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவேயில்லை.

ஐயர் கையைத் தூக்கினார். தவில்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தவிலைத் தொடாமல் இருந்தார். நான் உணர்ச்சியில்லாத முகத்தோடு கட்டையை அழுத்தினேன். புகை கிளம்பியது. மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அத்தான் முதல் முடிச்சைப் போட்டார். பெரியம்மா தும்மினார். ஐயரின் மைக் அதை வாங்கி வீதிவரை அனுப்பியது.

ஒற்றைத் தும்மல்! இன்னொன்று வந்துவிட்டால் தோஷமில்லை என்பார்கள். ஆகவே முழு மண்டபமும் பெரியம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டபடி இருந்தார். பெரியம்மாவோ இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி, வந்ததையும் அடக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து என் தாளம் வெடித்தது. ஐயர் திடுக்கிட்டு அட்சதைக்கு வைத்திருந்த அறுகரிசித் தட்டைத் தவறவிட்டார். தவில்காரர் பாவம் பார்த்துத் தானும் கொட்டத் தொடங்க, இரண்டு தாளமும் சந்தையில் ஏச்சுப்படுவதுபோல மோதிக்கொண்டன. அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. தோள் குலுங்கியது. சிரிக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். கிட்டப் போனபோதுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

புரொஜெக்ட் அன்றோடு சரி. ஆனால் அந்தத் தும்மல் முடியவில்லை. துணுக்காயில் நீர்ப்பம்பி எரிந்தாலும் நெல்லில் பூச்சி விழுந்தாலும் அதுதான் காரணம் என்று கேள்விப்படுவேன். அக்கா அந்த வீட்டில் என்ன பாடு பட்டாள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை.

போன பொங்கலுக்கு அங்கே போயிருந்தேன். கோபமெல்லாம் ஆறி, பெரியம்மாவுக்கு அது பகிடிக்கதையாகிவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் தும்மிக் காட்டிச் சிரிக்க வைத்தார். பிறகு என் தோளில் தட்டினார்.

"உன்னில ஒரு பிழையுமில்லைத் தம்பி. உன்ர அக்காதானே இங்கிலீசுப் பாட்டுத்தான் வேணுமெண்டு அடம்பிடிச்சவள். கலியாணத்துக்கு அடுத்த நாளே எனக்குச் சொல்லிப்போட்டாள்."

இத்தனை வருடமும் என் கூத்துக்கு அவள் ஏச்சு வாங்கியிருக்கிறாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஓம் மாமி" என்று தலையாட்டினேன்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். காதுக்குள் சொன்னாள்.

"சிரியடா. இல்லாட்டி அவைக்கு விளங்கிப்போடும்."