வெயில் படாத வறட்சி ஆய்வு

அரசு ஊழியரின் முகமும் ஒருவகையில் அரசுச் சொத்துதான். அதைப் பாதுகாப்பது தன் கடமை என்று வருவாய் ஆய்வாளர் லோகநாயகி மேடம் முடிவெடுத்ததில் தப்பே சொல்ல முடியாது. இரண்டு கன்னத்திலும் அட்டை மாதிரி ஒட்டிக்கிடந்த மங்கு என்னும் கருந்திட்டுகளை ஒழிக்க, தென்காசி தோல் டாக்டர் ஒரு கூட்டு நடவடிக்கையை அறிவித்தார். லேசர் மட்டும் என்றால் மங்கு திரும்பி வரும், களிம்பு மட்டும் என்றால் அது அசையாது, இரண்டும் சேர வேண்டும். ஒரே நிபந்தனை, வெயில் படக்கூடாது.

இதில் சுந்தரபாண்டியபுரத்துச் சங்கரபாண்டிக்கு என்ன வந்தது என்றால், அவர் போட்ட உளுந்து அத்தனையும் சித்திரை வெயிலில் கருகிப்போயிருந்தது. மேடம் வயலைப் பார்த்து எழுதினால் வறட்சி நிவாரணம் வரும். வந்தால்தான் ஆனியில் சூரியகாந்தி விதைக்கலாம். மனுஷன் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்.

"நான் குடை பிடிக்கேன் மேடம்."

"வெயிலு தரையில பட்டு மேல எழும்புதுல்லா அண்ணாச்சி."

"அப்ப சாயந்திரமா வாங்களேன்."

"ஆபீஸ் நேரத்துல பாத்தாத்தான் அது ஆய்வு."

கருகின செடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். மேடம் அதை அக்கறையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உங்க வயல்ல உள்ளதுதான்னு நான் எப்படி எழுத? வயலோட சேத்துப் பாத்தாத்தான் செல்லும்."

மேடம் முகம் தெளிந்துவருவதைப் பார்த்துக் கிராம நிர்வாக அலுவலர் விஜயசங்கரும் அதே சிகிச்சையில் சேர்ந்தார். ஜன்னல்களில் பழைய செய்தித்தாள் ஒட்டப்பட்டது. வெளியே போகும் பணிகள் யாவும் ஆனிமாதச் சாரல் மழை வரும்வரை நிலுவையில் வைக்கப்பட்டன.

சாரலும் வந்தது. மேகம் நன்றாக நிலைக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் பொறுத்து, மேடம் பளபளவென்று ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வயல் முழுக்கப் புல் மண்டிக்கிடந்தது.

"பச்சைப் பசேல்னு இருக்கே. வறட்சி இல்லைன்னுதான் எழுத முடியும்."

சங்கரபாண்டி புல்லை விலக்கிக் கருகின தூரைக் காட்டினார். "சித்திரையில வந்து பாத்திருக்கணும் மேடம்."

எழுதிக்கொண்டே நிமிர்ந்த மேடம் அவர் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார். "என்ன அண்ணாச்சி, கன்னமெல்லாம் இப்படிக் கறுத்துக் கெடக்கு? இந்த வருஷம் அடிச்சது சாதாரண வெயிலா, ஊரையே பொசுக்கிட்டுல்லா." சொல்லியபடியே கையெழுத்தைப் போட்டுவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

வீட்டில் நடந்ததைக் கேட்டு மனைவி பாலம்மாள் மேடத்தை வாய் ஓயும்வரை ஏசினாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்று களிம்பைப் பூசிக்கொண்டாள்.

"கடனவுடன வாங்கியாவது விதைச்சிருவோம். காலையில வயலுக்குக் கிளம்பு" என்றார் சங்கரபாண்டி.

"வெயில் படக்கூடாதாம்லா. நீங்க போய் விதைங்க" என்றாள் பாலம்மாள். "மேகம் போட்டதும் நான் வந்து பார்வையிடுதேன்."