மூன்று மாஸ்க்கும் ஒரு தாடியும்

ஓட்வார் புரண்டு படுத்தார். தலைமாட்டு விளக்கும் கூடவே புரண்டு வந்து அவர் நெற்றியில் இறங்கியது.

விளக்கின் மேல் குற்றமில்லை. மூக்கில் மாட்டியிருந்த மாஸ்க்கிலிருந்து மெஷினுக்குப் போகும் குழாய் இழுபடக் கூடாதென்று, முந்தின மாலை அவர்தான் அதை விளக்கின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார். படகைக் கரையில் கட்டுகிற முடிச்சு. எந்தப் புயலுக்கும் அவிழாது. அவிழவும் இல்லை.

"உயிரோட இருக்கியா?" பக்கத்துப் போர்வைக்குள்ளிருந்து மாரிட் கேட்டாள்.

"இருக்கேன்."

"அப்ப லைட்டை எடுத்து இடத்துல வை. நான் காபி போடறேன்."

நெற்றி வீங்கியது பற்றி ஓட்வாருக்குக் கவலையில்லை. நார்வேயில், மலைகளுக்கிடையே நுழையும் கடலான ஃபியோர்டின் ஓரத்துச் சாலையில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், பனிச்சரிவே பார்த்தவர். கவலையெல்லாம் அந்தப் பேருந்தைப் பற்றித்தான். இலையுதிர் காலத்தில் ஒரு நாள், கடைசி நிறுத்தமான படகுத்துறையில் எல்லோரும் இறங்கிய பிறகு, ஸ்டியரிங்கில் சற்றே தலை சாய்த்தார். சாய்த்த இடம் ஹாரன். படகுத்துறையே ஓடி வந்து கண்ணாடியைத் தட்டியும் அவர் எழுந்திருக்கவில்லை.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் கண் சொக்குகிறது என்றார் டாக்டர். இரவு முழுக்கக் காற்றை மூக்குக்குள் தள்ளும் மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். காற்று கசியாமல் ஒழுங்காகத் தூங்குகிறாரா என்பதை அந்த மெஷினே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும். ஒழுங்கென்றால் டாக்டர் கையெழுத்துப் போடுவார், ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். அதுவரை டிப்போவில் தொலைந்த பொருள் அறை. குளிர்காலத்தில் பேருந்தில் தொலைவது ஒற்றைக் கையுறைகள்தான்; யாரும் ஜோடியாகத் தொலைப்பதில்லை. ஓட்வார் அவற்றை இடது, வலது என்று பிரித்துக்கொண்டு, ஜன்னல் வழியே தன் பேருந்தை வேறொருவன் கியர் அரைத்து ஓட்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷின் வந்த முதல் நாளே குறட்டை நின்றுவிட்டது. கசிவுதான் நிற்கவில்லை.

"நேத்தும் கசிவு ஜாஸ்தியா காட்டுது" என்றாள் போனில் நர்ஸ் இங்குன். "எப்படிப் படுப்பீங்க?"

"மல்லாக்க ஆரம்பிப்பேன். அப்புறம் ஒருக்களிச்சு. விடியறப்ப குப்புற."

"மூணுமா?"

"ஒரே மாதிரி கெடக்க நான் என்னம்மா விறகுக் கட்டையா? சரி, நேரா சொல்லுங்க. கோளாறு மாஸ்க்கிலயா, என் மூஞ்சியிலயா?"

"ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு மாதிரி, ஓட்வார்."

இதுதான் அவருக்குப் பிடிக்காது. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டால், ஒவ்வொரு பேருந்தும் ஒவ்வொரு மாதிரி என்று அவர் சொல்லியிருப்பாரா?

ஆனால் அவரும் ஒன்றை நேராகச் சொல்லவில்லை. தினமும் தூக்கத்தின் நடுவில் மாஸ்க்குக்குள் களக்களக் என்று சத்தம் வரும், முகமெல்லாம் ஈரம். அது தன் எச்சில் என்று முடிவு கட்டியிருந்தார். ஐம்பத்தெட்டு வயது ஆம்பிளை, தொட்டில் பிள்ளை மாதிரி வாய் ஒழுகுகிறேன் என்று மகள் வயது நர்ஸிடம் எப்படிச் சொல்வது? காற்று கசிகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

முதல் மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடியது. தாடி இருந்தால் இது சரியாக உட்காராது என்று இங்குன் சொன்னாள். அன்று மாலையே ஓட்வார் தாடியை எடுத்தார்.

குளியலறையிலிருந்து வெளியே வந்தவரை மாரிட் கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. உங்கம்மா செத்துப் போயிட்டாங்கன்னுல்ல நினைச்சேன், இங்க வந்து நிக்கறாங்களே."

"கிண்டலா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி இந்தத் தாடையைக் காட்டியிருக்கணும் ஓட்வார். அது ஒரு நேர்மை."

மறுநாள் டிப்போ மேலாளர் டெர்யே கவுண்டருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான். "என்ன சார் தொலைச்சீங்க?"

"யோவ், நான்தான்யா."

"அட, தலைவரா! தாடியைத் தொலைச்சிருக்கீங்க. அந்த மூலைப் பெட்டியில தேடிப் பாருங்க, போன வாரம் ஒண்ணு வந்துச்சு."

வழவழத்த தாடையில் ஈரம் பட்டதும் மாஸ்க் முன்னைவிட வேகமாக வழுக்கியது. கசிவு கூடியது.

இரண்டாவது மாஸ்க் மூக்கை மட்டும் மூடியது. ஒருக்களித்தால் தலையணை அதை ஓரம் தள்ளியது. ஓட்வாருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்துத் தலையணையின் ஓரத்தில் மாஸ்க் உட்கார ஒரு குடாவை வெட்டினார். அருமையான யோசனை, இறகுத் தலையணை என்பதை மட்டும் யோசிக்கவில்லை. திறந்திருந்த ஜன்னலிலிருந்து காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. அறைக்குள் பனி பெய்தது.

"அது என் தலையணை" என்றாள் மாரிட், தலைமுடியிலிருந்து இறகைப் பொறுக்கியபடி.

"என்னோடதை வெட்டினா நான் எதுல படுக்கறது?"

மூன்றாவது, மூக்குத் துவாரத்தில் மட்டும் செருகும் குட்டி மாஸ்க். குப்புறப் படுக்கிறவர்களுக்கென்றே செய்தது. இந்த முறை ஓட்வார் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. மூக்கு காயாமலிருக்க மெஷினின் தண்ணீர்த் தொட்டிச் சூட்டை உச்சத்தில் வைத்தார். அறைக்காற்று புழுங்கிப்போனதுதான் காரணமோ என்று கட்டிலையே ஜன்னலோடு ஒட்டித் தள்ளினார். குழாயை ஜன்னல் கொக்கியில் மாட்டினார்.

"இப்ப பாரு" என்றார்.

மாரிட் பார்த்தாள். விடிந்ததும் ஆஸ்பத்திரியும் பார்த்தது. கசிவு உச்சத்தில். வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொன்னார்கள்.

இங்குன் அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று மாஸ்க்கையும் மாட்டி, படுக்கையில் படுக்க வைத்து, இப்படியும் அப்படியும் புரளச் சொன்னாள். ஒன்றும் கசியவில்லை.

"இங்க கச்சிதமா இருக்கே. வீட்ல என்னதான் ஆகுது? இப்படியே போனா டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார், ஓட்வார்."

ஒரு கணம் அவர் கண் முன்னே மிச்ச ஆயுள் முழுக்க இடது கையுறைகள் குவிந்தன. மானமா, பேருந்தா? ஓட்வார் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வாய் ஒழுகுது."

"என்னது?"

"எச்சில்மா. மாஸ்க்குக்குள்ள, குழாய்க்குள்ள. காலையில குழாயைக் கவுத்தா அரை டம்ளர் வருது."

இங்குன் சிரிக்காமலிருக்க நிஜமாகவே முயன்றாள். "எச்சில் குழாய்க்குள்ள எப்படி அவ்வளவு மேல ஏறும்? அது மெஷின் தண்ணி. சூடான காத்து குளிர்ந்த குழாயில போனா ஆவி தண்ணியாயிடும். மாஸ்க் நனைஞ்சா வழுக்கும், வழுக்கினா கசியும். படுக்கறப்ப ஜன்னல் திறந்திருக்கா?"

"இதென்ன கேள்வி? நான் நார்வேக்காரன்."

"வெளியில எவ்வளவு குளிர்?"

"பெருசா இல்ல. மைனஸ் பன்னெண்டு."

"ஜன்னலைச் சாத்துங்க. குழாயைப் போர்வைக்குள்ள விட்டுக்குங்க. எந்த மாஸ்க் வேணாலும் போட்டுக்கிட்டு எப்படி வேணாலும் புரளுங்க. ஒரு வாரம் பாத்துட்டு டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

ஓட்வார் கொதித்துப் போய் வீடு திரும்பினார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவன் ஒன்று நோயாளி, இல்லை ஸ்வீடன்காரன். இது அவர் அப்பாவுடைய கொள்கை. பேருந்தில் எத்தனை பேருக்கு அதை உபதேசித்திருப்பார்!

மாரிட் சமையலறையில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தாள். ஓவர்கோட்டைக் கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"ஜன்னலைச் சாத்தணுமாம்! மாஸ்க்ல கோளாறு இல்லையாம், என் மூஞ்சியில கோளாறு இல்லையாம், நம்ம ஊர்க் காத்துலதான் கோளாறாம்! முப்பது வருஷமா பனியோ புயலோ ஜன்னலைத் திறந்து வெச்சுத்தான் தூங்கறேன். அப்பல்லாம் எனக்கு ஒரு தும்மலாவது வந்துச்சா?"

"வரல."

"அதானே! நீயே சொல்லு. இந்த வீட்ல ஒரு ராத்திரியாவது அந்த ஜன்னலைச் சாத்தியிருக்கோமா? நேரா சொல்லு மாரிட். எல்லாரும் சுத்தி வளைச்சே பேசறாங்க."

மாரிட் வாஃபிளைத் தட்டில் எடுத்து வைத்தாள். அதன் மேல் ஜாம் தடவினாள். தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நேராவே சொல்றேன், கோச்சுக்காம சாப்பிடு. காலையில உன் பஸ்ல ஏறப்போற ஜனங்க ராத்திரி உன் குறட்டையைக் கேட்டுடக் கூடாதேன்னு, முப்பது வருஷமா நீ தூங்கினதும் நான்தான் எழுந்து ஜன்னலைச் சாத்திட்டு, நீ முழிக்கறதுக்குள்ள திறந்து வெப்பேன்; இந்த மெஷின் வந்ததுலேர்ந்துதான் நானும் விடியற வரைக்கும் தூங்கறேன்."