கோல்கீப்பருக்கு ஒரு ஓட்டு

"ஓட்டுப் போட்டாச்சாம்மா?" என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது அவள் வாய் நிறைய டீ. மடக்கென்று விழுங்கினாள்.

"போட்டாச்சு சார்."

"நம்ம ஆளுக்குத்தானே?"

நம்ம ஆள் என்றால் முப்பத்தொரு கோல் அடித்த ஸ்ட்ரைக்கர். ஆண்டின் சிறந்த கால்பந்து வீரர் விருதுக்கு ஓட்டுப் போடுபவர்கள் ஆசிரியரும் அவளும் உட்பட நாற்பது விளையாட்டுப் பத்திரிகையாளர்கள். நாற்பதும் ஸ்ட்ரைக்கருக்கே என்பது ஊரறிந்த விஷயம். அவளோ, கடைசி இடத்துக்குப் போன அணியின் கோல்கீப்பருக்குப் போட்டிருந்தாள். ஒடிந்த விரலில் கட்டோடு அவன் பாய்ந்து பாய்ந்து தடுத்ததை மழையில் நனைந்துகொண்டே பார்த்தவள்.

"பின்னே?" என்று சொல்லித் தொலைத்தாள்.

"அப்போ 'ஏன் அவருக்கு என் ஓட்டு'ன்னு நாளைக்கே ஒரு கட்டுரை குடு."

பொய் எழுதக் கை வரவில்லை. பெயரே சொல்லாமல் கோல்கீப்பரைப் பற்றியே எழுதினாள்: வலியை வெளியே காட்டாதவர், தோற்கும் ஆட்டத்திலும் தளராதவர். அது ஸ்ட்ரைக்கரின் படத்தோடு வெளியானது. பதினைந்து வருஷத்தில் அவளுக்கு அப்படியொரு பாராட்டு வந்ததில்லை. ஸ்ட்ரைக்கரே போன் செய்து, "என்னை இவ்வளவு சரியா யாரும் புரிஞ்சுக்கிட்டதில்ல மேடம்" என்று தழுதழுத்தான்.

மறுநாள் ஆசிரியர், "விழாவுல நம்ம எல்லார் சார்பாவும் நீதான் பேசறே" என்றார்.

வீட்டில் கணவர் கட்டுரைக்குச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அது அவனைப் பத்தினது இல்ல" என்று உண்மையைக் கொட்டினாள்.

சுத்தியலோடு அப்படியே நின்றார். "விழா முடிஞ்சதும் யார் யாருக்குப் போட்டாங்கன்னு சுவத்துல ஒட்டுவாங்களே! மானம் போயிடும். மாத்திப் போட நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு."

"தலைகீழா நின்னாலும் மாத்த மாட்டேன்."

"மேடையில என்ன பேசுவே?"

அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள்.

விழாவன்று மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையில் ஆசிரியர், பட்டுச் சட்டையணிந்த ஸ்ட்ரைக்கர், நகம் கடிக்கும் கணவர். எழுதி வைத்திருந்த தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"நான் எழுதினது கோல்கீப்பரைப் பத்தி. என் ஓட்டும் அவருக்குத்தான். முப்பத்தொன்பது பேரும் அந்தப் பக்கம் நிக்கலாம். அடுத்த வருஷமும் நான் இப்படித்தான் போடுவேன். வேலையை விட்டுத் தூக்கணுமா, தூக்கிக்கோங்க!"

ஆசிரியர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற பத்திரிகையாளர்களில் ஒருவரும் நிமிரவில்லை.

ஓட்டுகளை எண்ணிய குமாஸ்தா அம்மா முடிவுத் தாளோடு மேடையேறி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நாப்பது ஓட்டும் கோல்கீப்பருக்குத்தான் மேடம், மத்த முப்பத்தொன்பது பேரும் தனித்தனியா வந்து, 'நான் ஒருத்தன்தான் மாத்திப் போட்டிருக்கேன், விழா முடியற வரைக்கும் வெளியே சொல்லிடாதீங்க'ன்னு என்கிட்ட கெஞ்சிட்டுப் போனாங்க."