ஸ்மார்ட் போர்டுக்குப் பூசிய எண்ணெய்

லாபிர் மாஸ்டர் விரலால் தட்டினார், முழங்கையால் தேய்த்தார், கடைசியில் பிஸ்மி சொல்லி உள்ளங்கையை வைத்து அழுத்தியும் பார்த்தார். ஸ்மார்ட் போர்ட் அசையவில்லை. திரையில் படகு எஞ்சின் ஒன்றின் படம் பளிச்சென்று நின்றது. தொட்டால் மூடி திறந்து உள்ளே இருக்கும் பாகங்களைக் காட்ட வேண்டும். அது காட்டுவதாக இல்லை.

"நேத்து வேல செஞ்சிச்சே, சேர்?" என்றான் முன்வரிசையில் இருந்த மாணவன் ரிப்கான்.

"நேத்து கொழும்பால ஒருத்தரும் வரல்லயே. அதான் செஞ்சிச்சி."

எத்தாளையில் கடற்கரைப் பக்கமாக இருக்கும் அந்தச் சின்னத் தொழிற்பயிற்சி நிலையத்தில் படகு எஞ்சின் திருத்தும் வகுப்பு லாபிருடையது. எஞ்சினோடு பேசத் தெரிந்த மனுஷன். போர்டோடுதான் இன்னும் ஒத்துவரவில்லை.

ஒத்துவராமல் இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை. போன கிழமை நிலையத்து அலுவலக எழுதுவினைஞர் அம்ஜத் ஒரு செய்தியைக் கொண்டுவந்து அவருடைய தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்.

"தலைமையகத்திலயிரிந்து அன்ரனிப்பிள்ளை சேர் வாராராம். எல்லா இடத்துலயும் ஸ்மார்ட் போர்ட்ல எப்பிடிப் படிப்பிக்கிறாங்க எண்டு பாத்திட்டு, ஒராள மொனராகலைக்குத் தூக்கப் போறாராம்."

அரசாங்க உத்தியோகத்தில் ஒருவரைத் தூரத்து ஊருக்கு எதற்காகத் தூக்குவார்கள் என்பது கடைத்தெருவில் தேநீர் குடிக்கிறவனுக்கும் தெரியும். மேலதிகாரியை முறைத்தவர், தேர்தலில் தப்பான ஆளுக்கு மாலை போட்டவர், இப்படிப்பட்டவர்களுக்குத்தான் அந்த மரியாதை நடக்கும். அதிலும் மொனராகலையில் கடலே கிடையாது. படகு எஞ்சின் மாஸ்டரைக் கடல் இல்லாத ஊருக்கு அனுப்புவதென்றால் அது தண்டனையில்லாமல் வேறென்ன?

லாபிருக்குப் பயம் மொனராகலையைப் பார்த்து அல்ல, மூட்டை கட்டுவதைப் பார்த்துத்தான். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை விரட்டியபோது உம்மாவின் இடுப்பில் இருந்தபடி மன்னாரை விட்டு வந்தவர். அதன்பிறகு ஒரு முகாம், இன்னொரு முகாம், ஓலைக்கொட்டில், வாடகை வீடு என்று ஓடி, இப்போதுதான் சொந்தமாக ஒரு வீடு. கூரை போட்டபின் ஒரு நல்ல மழை கூட இன்னும் பெய்யவில்லை.

"இஞ்ச பாருங்க, நான் இனி ஒரு சட்டியக்கூடப் பெட்டியில கட்டமாட்டன். ட்ரான்ஸ்பர் வந்தா நீங்க தனியப் போங்க" என்று மனைவி ஃபாஹிமா சொல்லியிருந்தாள். சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

பக்கத்து அறையில் கணினி வகுப்பு நடத்தும் ஷஃபீனா சத்தம் கேட்டு வந்தாள். போர்டின் சட்டத்தில் விரலை வைத்தாள். விரல் வழுக்கியது.

"நானா, இதென்ன?" லாபிரை அண்ணன் முறையில் நானா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"எண்ணெய்."

"எண்ணெயா?"

"உப்புக் காத்துத் தங்கச்சி. கடலுக்குப் போய்வந்த எஞ்சினுக்கு எண்ணெய் பூசாம விட்டா துருப் புடிக்காதா? கொழும்பால வாரவருக்குப் புதுசுபோலத் தெரியட்டும் எண்டு நேத்துப் பின்னேரம் நல்லா ரெண்டு பூச்சுப் பூசினேன்."

ஷஃபீனா தலையில் கைவைத்தாள். "இந்தச் சட்டத்துக்குள்ள சுத்திவரச் சின்னச் சின்னக் கண் இரிக்கி, நானா. விரல் குறுக்கால போறத அதுதான் பாக்கும். நீங்க எல்லாக் கண்ணுலயும் எண்ணெய் ஊத்தி வெச்சிரிக்கிறீங்க!"

எண்ணெயைப் போக்க லாபிருக்குத் தெரிந்த ஒரே மருந்து பெற்றோல். "ரிப்கான், ஒரு துணி எடு!"

ரிப்கான் தன் பையிலிருந்து ஒரு துணியை இழுத்துக் கொடுத்தான். பெற்றோலில் நனைத்துச் சட்டத்தையும் திரையையும் லாபிர் மூச்சு வாங்கத் துடைத்தார். தொட்டுப் பார்த்தார். எஞ்சினின் மூடி அழகாகத் திறந்தது. வகுப்பே கைதட்டியது.

கைதட்டல் ஓய்வதற்குள் மூடி தானாகவே மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. பிறகு எஞ்சின் தலைகீழாகச் சுற்றியது.

"பேய் புடிச்சிட்டு சேர்!"

பேய் அல்ல. திரையில் ஓர் இலையான், கொழுத்த ஈ, உட்கார்ந்திருந்தது. அது நடந்த இடமெல்லாம் போர்ட் விரலென்று நினைத்துக்கொண்டது. இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அறையில் ஒரு வாடை எழும்பியது, பெற்றோல் வாடையையும் தாண்டிக்கொண்டு.

"ரிப்கான், அது எங்கத்தத் துணி?"

"காலையில கருவாட்டு வாடியில வாப்பாவுக்கு உதவி செய்யப் போனன் சேர். கீரி மீன் காயப்போட்டுட்டுக் கை தொடச்ச துணி."

துடைத்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவலாமென்றால் ஷஃபீனா விடவில்லை. தண்ணீர் பட்டால் போர்ட் மொத்தமாகப் போய்விடும் என்றாள். அதற்குள் பின்வரிசை மாணவன் ஒருவன் பக்கத்து வீட்டுக்கு ஓடிச் சாம்பிராணிச் சட்டியைத் தணலோடு தூக்கி வந்தான். "புகை போட்டா இலையான் ஓடிரும் சேர்!"

"பெற்றோலுக்குப் பக்கத்துல நெருப்பா? வெளியே போடா!" லாபிர் போட்ட கூச்சலில் சட்டி முற்றத்து மணலில் கவிழ்ந்தது. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"ஒரு துண்டு கருவாட்ட யன்னல்ல வெப்பம் சேர். இலையானெல்லாம் அங்க போயிரும்" என்றான் ரிப்கான்.

யோசிக்க நேரமில்லாத மனுஷன் எதற்கும் தலையாட்டுவான். லாபிர் தலையாட்டினார். யன்னலில் கருவாடு ஏறியது. அதுவரை கருவாடு காயும் வாடியோடு திருப்திப்பட்டிருந்த இலையான்கள், இங்கே ஒரு கிளை திறந்திருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, கூட்டமாக வந்திறங்கின. கருவாட்டில் இடம் கிடைக்காதவை போர்டுக்கு வந்தன.

வாசலில் வாகனம் நின்ற சத்தம் கேட்டது.

அன்ரனிப்பிள்ளை சேர் சிலாபத்துக்காரர். தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த முகம். உள்ளே வந்தவர் மூக்கைச் சுருக்கினார். "என்ன வாடை?"

"கடல் சேர்" என்றார் லாபிர்.

"சரி, படிப்பியுங்க." அவர் கடைசி வரிசையில் ஒரு கதிரையில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து அவருக்குப் போர்ட் தெரிந்தது, இலையான் தெரியவில்லை.

லாபிர் போர்டிலிருந்து தள்ளி நின்றார். கிட்டப் போனால் இலையான்கள் எழும்பி என்ன செய்யுமோ என்ற பயம். எரிபொருள் வரும் வழியைப் பற்றித் தொடங்க வாயெடுத்தார். படத்தில் தீப்பொறிக் கட்டை பெரிதாகி முன்னால் வந்தது. உடனே தீப்பொறிக் கட்டையைப் பற்றிச் சொன்னார். அது முடியுமுன் படகைத் தள்ளும் காற்றாடி சுழன்று வந்தது. அதையும் சொன்னார். யா அல்லாஹ், இனி எதைத் திறக்கப் போகிறதோ என்று ஓரக்கண்ணால் போர்டைப் பார்த்தபடி, இலையான் காட்டியதையெல்லாம் ஒன்று விடாமல் படிப்பித்தார். கேள்விப் பக்கம் திறந்தது. ரிப்கான் பதில் சொல்லி வாய் மூடுவதற்குள் சரியான விடை பச்சை நிறத்தில் எரிந்தது. எந்த இலையானின் புண்ணியமோ தெரியாது.

அன்ரனிப்பிள்ளை சேர் எழுந்துவிட்டார். "மாஸ்டர், நீங்க போர்ட்டத் தொடவே இல்லையே?"

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று லாபிருக்குத் தோன்றியது. வீடு, கூரை, ஃபாஹிமாவின் சிரிக்காத முகம் எல்லாம் கண்ணில் வந்தன. "சேர்... உண்மையச் சொல்றன். இதுல என்ட வேல ஒண்டுமில்ல."

"தன்னடக்கம் வேற!" சேரின் தடித்த முகம் முதல்முறையாக மலர்ந்தது. "கையே வைக்காம, பிள்ளைகள் வாய் திறக்க முன்னமே பக்கம் மாறுது. நான் எத்தனை நிலையம் பாத்திட்டன், இப்பிடி ஒரு வகுப்பைப் பாக்கயில்ல. முழுப் புள்ளி!"

அவர் கைகுலுக்கிவிட்டு அலுவலக அறைப் பக்கம் போனார். லாபிர் சுவரோடு சாய்ந்து நின்று ஃபாஹிமாவுக்கு அழைப்பெடுத்தார்.

"பாஸ் புள்ள! முழுப் புள்ளி!"

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப நாம எங்கயும் போகத் தேவல்லதானே?"

"எங்க போற? இந்த மாசமே சுவருக்குப் பெயின்ட் அடிப்பம். உனக்குப் புடிச்ச நெறத்தச் சொல்லு."

மறுபக்கத்தில் அவள் அழுதாள். சந்தோஷ அழுகைதான். லாபிருக்கும் கண் கலங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். வாகனத்தின் நிழலில் சாரதி ஸப்ரான் பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். லாபிரைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பெரிய உபகாரம் மாஸ்டர்! மொனராகலையில மத்த மாஸ்டர்மாருக்குப் போர்ட் பழக்க ஒரு கெட்டிக்காரனத் தேடி ஊரூரா அலஞ்சம், போன எடமெல்லாம் ஃபெயிலாகி அவனவன் வீட்டோட நிண்டுட்டான், கடைசியில நீங்கதான் ஆம்பிட்டீங்க!"